பொய் பிடிக்கும் மெஷின் எதைப் பிடிக்கிறது? பாலிகிராஃப் சோதனை: ஒரு விமர்சனம்

"உண்மை கண்டறியும் சோதனை" என்று செய்தியில் வந்தால், எந்தச் சோதனை என்றுதான் முதலில் கேட்க வேண்டும். ஊசி போட்டு அரைமயக்கத்தில் பேச வைப்பது நார்கோ. தலையில் மின்முனை பொருத்தி மூளை அலைகளைப் பதிவு செய்வது பிரெயின் மேப்பிங். ஊசியும் கிடையாது, தலையிலும் எதுவும் இல்லை, நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பது பாலிகிராஃப். பத்திரிகைகள் மூன்றையும் ஒரே பெயரில் எழுதுவதால் மூன்றும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். இங்கே பாலிகிராஃபை மட்டும் பார்ப்போம்: கருவி எப்படி, சோதனை நடத்தும் முறை எப்படி, அதைக் கட்டணச் சேவையாக விற்பவர்கள் எப்படி. "சும்மா ஒரு டெஸ்ட்தானே, தப்பு பண்ணலைன்னா என்ன பயம்?" என்று சம்மதக் கடிதம் நீட்டப்படும் வீட்டார்தான் இதை முக்கியமாகப் படிக்க வேண்டும்.

கருவியிலிருந்து தொடங்கலாம். பழைய படங்களில் ஊசிமுனை பேனாக்கள் காகிதச் சுருளில் கோடு கிழிக்குமே, அந்தக் காலம் போய்விட்டது. இன்று லஃபாயெட், ஸ்டோல்டிங் போன்ற அமெரிக்க நிறுவனங்களின் கருவிகள் கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. யூஎஸ்பி வயரில் லேப்டாப்போடு சேர்ந்துவிடும். பெட்டியிலிருந்து உடம்புக்கு வருபவை இவை: நெஞ்சைச் சுற்றி ஒன்று, வயிற்றைச் சுற்றி ஒன்று என மூச்சை அளக்கும் இரண்டு ரப்பர் குழாய்கள், இரண்டு விரல்களில் தோலின் வியர்வைக் கசிவை அளக்கும் தகடுகள், மேற்கையில் ரத்த அழுத்தப் பட்டை, பெரும்பாலும் இன்னொரு விரலில் ரத்த ஓட்டம் பார்க்கும் கிளிப், நாற்காலி இருக்கையில் அசைவைப் பிடிக்கும் மெத்தைத் தகடு.

பட்டையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டாக்டர் பிரஷர் பார்க்கும்போது காற்றை ஏற்றிய கையோடு இறக்கிவிடுவார். இங்கே சுமார் 60 முதல் 70 மில்லிமீட்டர் பாதரச அளவில் ஏற்றி, ஒரு சுற்றுக் கேள்வி முடியும்வரை அப்படியே வைத்திருப்பார்கள். பத்துக் கேள்வி, கேள்விக்குக் கேள்வி 25 விநாடி இடைவெளி என்றால் நாலைந்து நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் விரல் நுனி மரத்துப் போகத் தொடங்கும். நரம்பு புடைத்துக் கை கனக்கும். அந்த வலி கடைசிக் கேள்விகளுக்கான பதிவில் கலக்கும். அதனால்தான் நல்ல தேர்வாளர் (சோதனையை நடத்துபவர்) சுற்றுக்குச் சுற்று கேள்விகளின் வரிசையை மாற்றுவார், நடுவில் கையைத் தொங்கவிட்டு ஓய்வெடுக்கச் சொல்வார். வரிசையை மாற்றாமல், ஓய்வும் தராமல் மூன்று சுற்றையும் ஓட்டினால் பதிவில் இருப்பதில் ஒரு பங்கு கைவலிதான்.

அளவெடுக்கும் கருவியாக மட்டும் பார்த்தால் இதில் பெரிய குறை இல்லை. மூச்சு எத்தனை ஆழம், நாடி எத்தனை வேகம், விரலில் எவ்வளவு வியர்வை, எல்லாம் சரியாகவே பதிவாகிறது. ஆனால் அந்த வயர்களில் ஒன்றுகூடப் பொய்யை அளக்கவில்லை. பொய் சொன்னால் மட்டும் வந்து, பயத்திலோ அவமானத்திலோ கோபத்திலோ வராத உடல்மாற்றம் எதையும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1921-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி போலீஸில் ஜான் லார்சன் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். அன்றைக்கிருந்த இந்தக் குறை நூறு வருஷம் கழித்தும் அப்படியே இருக்கிறது. மாறியது பெட்டிதான்.

ஆகவே இந்தச் சேவையின் தரம் கருவியில் இல்லை, கேள்வி அமைக்கும் முறையில் இருக்கிறது. முறைகளில் இரண்டு முக்கியமானவை.

உலகில் அதிகம் புழங்குவது ஒப்பீட்டுக் கேள்வி முறை. வழக்கோடு நேரடித் தொடர்புள்ள கேள்வி ஒன்று: "அந்த வளையலை நீங்க எடுத்தீங்களா?" பக்கத்திலேயே பொதுவான, சங்கடப்படுத்தும் கேள்வி ஒன்று: "உங்களை நம்பினவங்க பொருளை எப்பவாவது எடுத்திருக்கீங்களா?" நிரபராதிக்கு இரண்டாவது கேள்விதான் உறுத்தும், குற்றவாளிக்கு முதல் கேள்விதான் உறுத்தும் என்பது கணக்கு. ஒவ்வொரு ஜோடியையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு அளவீட்டுக்கும் மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். குறைந்தது மூன்று சுற்று ஓட்டிக் கூட்டுவார்கள். வழக்கமான எல்லைப்படி பிளஸ் 6 அல்லது அதற்கு மேல் வந்தால் உண்மை, மைனஸ் 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் பொய், நடுவில் நின்றால் "முடிவு சொல்ல இயலவில்லை".

இந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளாக ஸ்டேஷனுக்கு நடையாய் நடக்கிறார். சரியாகத் தூங்கவில்லை, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். தன் வாழ்க்கையே தொங்குவது வளையல் கேள்வியில் என்று அவருக்குத் தெரியும். சின்ன வயதில் யாருடைய பென்சிலையோ எடுத்ததைப் பற்றி அவர் ஏன் அதிகம் பதற வேண்டும்? குற்றமே செய்யாதவருக்கும் வளையல் கேள்வியில்தான் கை வியர்க்கும். மெஷின் அதை உள்ளபடியே பதியும். அறிக்கையில் அது "ஏமாற்று அறிகுறி" ஆகிவிடும்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். அமெரிக்க உளவுத்துறையிலிருந்து சோவியத்துக்குத் தகவல் விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986-லும் 1991-லும் பாலிகிராஃபில் தேறினார். வாஷிங்டன் மாநிலத்தில் பல பெண்களைக் கொன்ற கேரி ரிட்ஜ்வே 1984-ல் தேறினார். 2001-ல் அவரைப் பிடித்துக் கொடுத்தது டிஎன்ஏ. சோதனையை ஏமாற்றுவதும் அவ்வளவு கஷ்டமில்லை. ஒப்பீட்டுக் கேள்வி வரும்போது நாக்கைக் கடிப்பது, கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்துவது, மனதுக்குள் ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போவது என்று அரைமணி நேரம் பயிற்சி தந்து பார்த்த ஆய்வில் ஏறத்தாழ பாதிப் பேர் சோதனையைத் தோற்கடித்தார்கள். இருக்கைத் தகடு காலசைவைப் பிடிக்கலாம். மனக்கணக்கைப் பிடிக்க அதில் எதுவும் இல்லை.

2003-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு இதை முழுமையாக அலசி ஓர் அறிக்கை தந்தது. அதில் வரும் ஒரு கணக்கை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 10,000 ஊழியர்களில் 10 பேர் ஒற்றர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 8 பேரையாவது பிடிக்கும்படி சோதனையை முடுக்கினால், கூடவே 1,598 அப்பாவிகளும் மாட்டுவார்கள். இரண்டு ஒற்றர்கள் தப்பிவிடுவார்கள். இத்தனைக்கும் கருவி மோசம் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கில்லை இது. தேடும் ஆள் குறைவு, தேடப்படும் கூட்டம் பெரிது என்றால் எந்த வடிகட்டியும் இப்படித்தான் குப்பையை அள்ளும். கடையில் கல்லாப் பணம் குறைந்தது என்று இருபது ஊழியர்களையும் வரிசையாக உட்கார வைக்கும் முதலாளிகளுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது முறையைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. அது வருத்தம் தருகிறது. 1959-ல் டேவிட் லிக்கன் என்ற உளவியலாளர் முன்வைத்த மறைதகவல் சோதனை அது. "நீ செய்தாயா?" என்று இதில் கேட்பதே இல்லை. செய்தவனுக்கும் போலீசுக்கும் மட்டும் தெரிந்த விவரங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதேபோன்ற பொய் விவரங்களோடு கலந்து படிப்பார்கள். நகை எங்கே இருந்தது? தையல் மிஷின் டிராயரிலா, அரிசிப் பானையிலா, சூட்கேஸிலா, பூஜை அலமாரியிலா, பழைய பிரஷர் குக்கருக்குள்ளா, துணி மூட்டையிலா? முதலில் படிப்பதற்கு எல்லோருக்கும் கொஞ்சம் அதிர்வு வரும் என்பதால் அதைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். மிச்சம் ஐந்து. நிரபராதிக்கு ஐந்தும் ஒன்றுதான். பயத்தில் இருந்தாலும் பயம் ஐந்துக்கும் சமமாகவே இருக்கும். எடுத்தவனுக்கு மட்டும் குக்கர் என்ற சொல் தனியாகக் கேட்கும்.

ஒரு கேள்வியில் நிரபராதி தற்செயலாகச் சரியான விவரத்துக்கு அதிகம் அதிர வாய்ப்பு ஐந்தில் ஒன்று. இதுபோல ஆறு கேள்விகளிலும் தற்செயலாகவே மாட்டிக்கொள்ள வாய்ப்பு 15,625-ல் ஒன்று. அப்பாவியைக் காப்பாற்றும் கணக்கு சோதனையின் உள்ளேயே இருக்கிறது. ஜப்பான் போலீஸ் பல பத்தாண்டுகளாக இந்த முறையைத்தான் வழக்கமாகப் பயன்படுத்துகிறது. நம் மதிப்பில் பாலிகிராஃப் பெட்டிக்கு இருக்கும் நேர்மையான வேலை இது ஒன்றுதான்.

இதற்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. அந்த விவரங்கள் வெளியே கசிந்திருக்கக் கூடாது. விசாரணையின்போது எஸ்.ஐ. "குக்கர்ல இருந்த நகையை எங்கடா வித்தே?" என்று ஒருமுறை கேட்டுவிட்டாலே அந்தக் கேள்வி செத்தது. சம்பவ இடத்தைச் செல்போனில் படமெடுத்து வாட்ஸப்பில் சுற்றவிட்டால் மொத்தச் சோதனையும் செத்தது. தி.மு.க. அரசியல்வாதி கே.என்.நேருவின் தம்பி ராமஜெயம் 2012 மார்ச்சில் திருச்சியில் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சந்தேகிக்கப்பட்ட பலருக்குச் சென்னையில் பாலிகிராஃப் நடந்தது 2023 ஜனவரியில். இடையில் கிட்டத்தட்ட பதினோரு வருஷம். உடல் கிடந்த இடம் முதல் கட்டப்பட்டிருந்த விதம் வரை பத்திரிகையில் திரும்பத் திரும்ப வந்துவிட்டது. இவ்வளவு பேருக்கும் தெரிந்த ஒன்றை வைத்து மறைதகவல் சோதனை நடத்துவது கடினம். சம்பவ இடத்துக்குப் போனதுமே யாருக்கும் சொல்லாத நாலைந்து விவரங்களைத் தனியாக எழுதி உறையில் போட்டு முத்திரை வைக்கும் பழக்கம் நம் விசாரணை முறையில் வேரூன்றாதவரை இந்த நல்ல முறை நமக்குக் கைகூடாது.

தமிழில் சோதனை நடக்கும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. அதிர்வைக் கேள்வி தொடங்கும் கணத்திலிருந்து அளக்கிறார்கள். தமிழ்க் கேள்வியில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். "பீரோவில இருந்த வளையலை அன்னிக்குச் சாயங்காலம் நீங்க…" என்பதுவரை கேட்பவருக்கு அடுத்து "எடுத்தீங்களா" வருமா, "பாத்தீங்களா" வருமா என்று தெரியாது. நீளமான கேள்வியில் அதிர்வு எந்தச் சொல்லுக்கு வந்தது என்று பிரிக்கவே முடியாது. கேள்வி ஐந்தாறு சொல்லுக்குள் இருக்க வேண்டும். அவர் வீட்டில் பேசுகிற தமிழில் இருக்க வேண்டும். "களவாடினீர்களா" என்றோ "கொலை செய்தீர்களா" என்றோ கேட்கக் கூடாது. அந்தச் சொற்களே ஆளை உலுக்கும். "எடுத்தீங்களா", "கத்தியால குத்தினீங்களா" என்று செயலை மட்டும் கேட்க வேண்டும். வெளிமாநிலத் தேர்வாளர் இந்தியில் கேட்டு, பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்த்தால் நிலைமை இன்னும் மோசம். அரைகுறையாய் இந்தி புரிகிறவர் ஒரே கேள்விக்கு இரண்டு முறை அதிர்வார்.

சோதனை நடக்கும் ஒழுங்கையும் தெரிந்துகொள்ளுங்கள். வயர் மாட்டுவதற்கு முன் ஒரு மணி நேரமாவது பேச்சு நடக்க வேண்டும். கேட்கப்போகும் ஒவ்வொரு கேள்வியையும் அப்போதே படித்துக்காட்ட வேண்டும். திடீர்க் கேள்வி என்ற ஒன்றே கூடாது. எதிர்பாராத கேள்வி யாரையும் அதிர வைக்கும். உடம்பைப் பற்றி விசாரிக்க வேண்டும். பிரஷருக்கோ படபடப்புக்கோ புரொபரனலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவரின் நாடி ஏறாது. ஆஸ்துமா இருந்தால் மூச்சுப் பதிவு நம்பத்தகாதது. ஏசி அறையில் விரல் சில்லிட்டால் வியர்வைப் பதிவு தட்டையாகப் படுத்துவிடும். முந்தின இரவு தூங்கவில்லை என்றால், பசியோடு வந்திருந்தால், அல்லது விசாரணை அறையிலிருந்து நேராகக் கூட்டிவந்திருந்தால் அன்றைக்குச் சோதனை நடத்தவே கூடாது.

கடைசிக் கட்டம்தான் ஆபத்தானது. வயரைக் கழற்றிய பிறகு, "மெஷின் சொல்லிடுச்சு, இனி மறைக்காதே" என்று பேச்சு தொடங்கும். 1973-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தாயைக் கொன்றதாக 18 வயதுப் பையன் ஒருவனைச் சோதித்தார்கள். தேறவில்லை என்றார்கள். மணிக்கணக்கில் பேசினார்கள். மெஷின் பொய் சொல்லாது என்று நம்பிய அந்தப் பையன் தன் ஞாபகத்தையே சந்தேகிக்கத் தொடங்கி, செய்யாததை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டான். தண்டனையும் கிடைத்தது. பிறகுதான் அந்தத் தீர்ப்பு ரத்தானது. நிரபராதியை அவன் வாயாலேயே மாட்டவைக்கும் சக்தி அந்த வயர்களுக்கு இல்லை. அவற்றின் மேல் சனங்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு அது உண்டு.

நம் நாட்டில் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், நார்கோ, பாலிகிராஃப், பிரெயின் மேப்பிங் மூன்றையும் சம்மதமில்லாமல் யார்மீதும் நடத்தக் கூடாது என்றது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தப்படாத உரிமை அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவில் இருக்கிறது. சம்மதித்து நடந்தாலும் சோதனை முடிவு சாட்சியம் ஆகாது. ஆனால் அப்படி வெளிவந்த தகவலை வைத்து ஒரு பொருளோ தடயமோ கிடைத்தால் அந்தக் கண்டுபிடிப்பை நீதிமன்றம் ஏற்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-வது பிரிவான இது, 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 23-வது பிரிவுக்குள் வந்துவிட்டது. "கோர்ட்ல செல்லாது, சும்மா போடுங்க" என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மை. மிச்சப் பாதியில்தான் ஆள் மாட்டுவார்.

சம்மதம் என்றால் ஸ்டேஷனில் வெள்ளைத்தாளில் வாங்கும் கையெழுத்து இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2000-ல் வகுத்த நெறிமுறைகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன்பு பதிவு செய்ய வேண்டும். அப்போது வக்கீல் உடனிருக்க வேண்டும். உடலுக்கு, மனதுக்கு, வழக்குக்கு என்ன ஆகும் என்று போலீசும் வக்கீலும் விளக்கியிருக்க வேண்டும். சொல்லப்போவது ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது, போலீசிடம் சொன்னதற்குச் சமம் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை நாள் காவலில் இருந்தார், எப்படி விசாரித்தார்கள் என்பதை மாஜிஸ்திரேட் கணக்கில் எடுக்க வேண்டும். சோதனையை ஒரு சுதந்திரமான அமைப்பு நடத்த வேண்டும், வக்கீல் கூடவே இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மறுத்ததையே குற்றத்துக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது.

தனியார் சேவைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: போகாதீர்கள். அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் முதலாளிகள் ஊழியர்களை இப்படிச் சோதிப்பதை 1988-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை. துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007-ல் கொண்டுவந்த மசோதாவும் சட்டமாகவில்லை. யார் வேண்டுமானாலும் பெட்டி வாங்கிப் பலகை மாட்டலாம். குரலை வைத்தே பொய் கண்டுபிடிக்கும் மென்பொருள் என்று விற்பது இதைவிட மோசம். 2008-ல் வெளியான ஒக்லஹோமா சிறை ஆய்வில், போதைப்பொருள் பழக்கத்தை மறைத்தவர்களில் சுமார் 15 சதவீதம் பேரைத்தான் அது பிடித்தது. கணவன் மனைவி சந்தேகத்துக்கு இந்தச் சோதனை என்று விளம்பரம் வருகிறதே, ஒப்பீட்டுக் கேள்வி முறையின் எல்லாக் குறையும் அங்கே இரட்டிப்பு. துணையின் முன் அவமானப்படுவோமோ என்ற அச்சத்தைவிடக் கையை வியர்க்க வைப்பது வேறு எது?

ஏற்கெனவே சோதனைக்குச் சம்மதித்தாகிவிட்டது என்றால், செய்ய வேண்டியவை சில உண்டு. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சோதனைக்காக நிறுத்தாதீர்கள். சாப்பிடும் மாத்திரையின் பெயரைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். எந்த முறையில் கேட்கிறார்கள், ஒப்பீட்டுக் கேள்வியா மறைதகவலா என்று வக்கீல் மூலம் எழுத்தில் கேளுங்கள். முன்பேச்சு தொடங்கி வயர் கழற்றிய பிறகு நடக்கும் பேச்சுவரை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுக்கக் கோருங்கள். அறிக்கையில் "ஏமாற்று அறிகுறி காணப்பட்டது" என்ற ஒற்றை வரி மட்டும் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். மூன்று சுற்றின் பதிவுகள், கேள்விப் பட்டியல், ஒவ்வொரு கேள்விக்கும் போட்ட மதிப்பெண் எல்லாவற்றையும் நீதிமன்றம் வழியாகக் கேட்டு வாங்குங்கள். வழக்கின் விவரமே தெரியாத இன்னொரு தேர்வாளரிடம் அந்தப் பதிவுகளைக் கொடுத்துத் தனியாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். இரண்டு கூட்டுத்தொகையும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை உங்கள் வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்கட்டும்.